பட்டியலில் விடுபட்ட தெரு



ஒருவர் மௌத்தாகிவிட்டால், அவர் விட்டுச் சென்றதைப் பங்கு வைப்பதற்கு முன் நாம் என்ன செய்கிறோம்? முதலில் கணக்கெடுக்கிறோம். காணி எத்தனை பரப்பு, நகை எத்தனை பவுண், யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறோம். அந்தக் கணக்கில் கிணற்றடித் துண்டு ஒன்று விடுபட்டால் அது பங்கிலும் விடுபட்டுப் போகும். பத்து வருடம் கழித்து ஒரு சகோதரி வந்து "அது உம்மாவின் சீதனக் காணியல்லவா?" என்று கேட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்று நம் நாட்டில் எங்கு பார்த்தாலும் 'மரபுரிமை' என்ற சொல் அடிபடுகிறது. மரபுரிமை வாரம், மரபுரிமை நடை, மரபுரிமைச் சின்னம் என்று பத்திரிகைகளில் படிக்கிறீர்கள். அரபியில் இதற்குத் 'துராஸ்' என்று பெயர். வாரிசுச் சொத்தைக் குறிக்கும் 'மீராஸ்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே ஒரு நகரம் தன் மரபுரிமையைக் காக்கத் திட்டம் போடுவதும், ஒரு குடும்பம் வாரிசுச் சொத்தைப் பங்கு வைப்பதும் அடிப்படையில் ஒரே வேலைதான். முதலில் பட்டியல் போட வேண்டும். யார் பட்டியல் போடுகிறார்கள், யாரைக் கேட்டுப் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த மாதம் யாழ்ப்பாண நகரத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். வாசகியரில் பலர் அந்த மண்ணில் பிறந்தவர்கள், அல்லது அங்கு பிறந்தவர்களின் பிள்ளைகள். புத்தளத்திலும் கல்பிட்டியிலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு "எங்கட ஊர்" என்று சொல்லும்போது நீங்கள் குறிப்பது அந்த ஊரைத்தானே?

யாழ்ப்பாணத்துக்கு வரும் உல்லாசப் பிரயாணிக்கு என்னென்ன காட்டுகிறார்கள்? கோட்டை, பொது நூலகம், நல்லூர்க் கந்தசுவாமி கோவில், மந்திரி மனை, யமுனா ஏரி, மணிக்கூட்டுக் கோபுரம், அப்புறம் படகேறினால் நயினாதீவு. எல்லாம் காட்ட வேண்டியவைதான், ஒன்றையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மணிக்கூட்டுக் கோபுரம் 1875-ஆம் ஆண்டு வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்துபோன ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டது. ஒரு தடவை வந்துபோன விருந்தாளிக்குக் கோபுரம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் தெரு அந்த வரிசையில் அபூர்வமாகத்தான் வரும். சோனகத் தெருவைத்தான் சொல்கிறேன்.

நாம் அந்த மண்ணுக்கு நேற்று வந்தவர்கள் அல்ல. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசி வணிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் மன்னன் கட்டளையிடுகிறான். யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு மட்டும் அரசுக்கு, மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, மீதி உடைமைக்காரருக்கு என்று கணக்கும் சொல்கிறான். குதிரைக் கப்பல் என்றால் அந்தக் காலத்தில் யார் ஓட்டி வந்தார்கள் என்று சரித்திரம் படித்த உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். அரபிகளும் பாரசீகர்களும் அந்த வியாபாரத்தில் முன்நின்றவர்கள்.

அதற்குப் பிறகு 1344-இல் இப்னு பதூதா இலங்கைக்கு வருகிறார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை அவர் சந்தித்தது புத்தளப் பக்கத்தில். மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கும் என்றும், அவன் தனக்கு முத்துக்களைக் காட்டினான் என்றும், ஆதம் மலைக்குப் போக வழித்துணை கொடுத்தான் என்றும் தமது பிரயாண நூலில் எழுதி வைத்திருக்கிறார். மொறொக்கோவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பிரயாணியும் யாழ்ப்பாணத்து இந்து மன்னனும் ஒரே சபையில் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் மரபுரிமை என்று சொல்ல இதைவிட அழகான காட்சி வேண்டுமா? அரபு மதரஸாவில் இந்த நூலைப் பயணக் கதையாகப் படித்துவிட்டுப் போகிறோம். நம்முடைய ஊரின் சாட்சியாக அதைப் படிப்பதில்லை.

கோட்டைக்குள்ளேயும் இதே கதைதான். போர்த்துக்கேயர் கட்டியதை 1658-இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து மூலைக் கோட்டையாக முருகைக்கல்லால் திருப்பிக் கட்டினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆகவே அதை எல்லோரும் 'ஒல்லாந்தர் கோட்டை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். போருக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மத்திய கலாசார நிதியமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, ஐரோப்பியர் காலடி வைப்பதற்கு முற்பட்ட மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சீனத்துப் பீங்கானும் மேற்காசிய முஸ்லிம் நாடுகளின் பீங்கானும் அவற்றில் இருந்தன. கோட்டை எழும்புவதற்கு முன்பே அது பல தேசத்தவர் வந்துபோன துறையாக இருந்திருக்கிறது. 'ஒல்லாந்தர் கோட்டை' என்று மட்டும் பலகையில் எழுதினால் அதற்கு முந்திய கதை முழுவதும் அந்தப் பெயருக்குள் மறைந்துவிடும்.

இனி நூலகத்துக்கு வருவோம், ஏனென்றால் ஒரு நகரம் தன் மரபுரிமையை எப்படிக் காப்பது என்ற கேள்வி இலங்கையில் மிக வேதனையோடு எழுந்தது அங்கேதான். 1933-இல் கே. எம். செல்லப்பா என்ற ஒருவர் தமது வீட்டிலேயே புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். நன்றாகக் கவனியுங்கள் சகோதரிகளே, அரசாங்கம் தொடங்கவில்லை, ஒரு வீடு தொடங்கியது. அது வளர்ந்து, மக்களிடம் பணம் சேர்த்து, சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வரைந்து கொடுத்த படத்தின்படி எழும்பி, 1959-இல் திறக்கப்பட்டது. 1981 மே 31-ஆம் திகதி இரவு அதற்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அச்சடித்த புத்தகத்தை இன்னொரு நூலகத்தில் தேடி எடுக்கலாம். உலகத்தில் ஒரே பிரதியாக இருந்த ஏட்டை எங்கே போய்த் தேடுவது?

பின்னர் அதைத் திருத்துவதா, என்ன செய்வது என்று ஒரு வாதம் நடந்தது. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டுப் புதிய நூலகத்தைப் பக்கத்தில் கட்ட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வெள்ளை பூசிவிட்டால் வருங்காலப் பிள்ளைக்கு இங்கே என்ன நடந்தது என்று தெரியாமல் போய்விடும் என்பது அவர்கள் பயம். மற்றவர்களோ, பிள்ளைகளுக்குப் படிக்க நூலகம் வேண்டும், இடிபாட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனை காலம் இருப்பது என்றார்கள். கடைசியில் பழைய தோற்றத்திலேயே திருத்திக் கட்டினார்கள். பல தடங்கல்களுக்குப் பின் அது மறுபடியும் திறக்கப்பட்டு, இன்று பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், படிக்கிற பிள்ளையின் பக்கம்தான் நான் நிற்பேன். ஆனால் மற்றவர்களின் பயமும் வெறும் பயமல்ல. பொஸ்னியாவின் சரயேவோவில் 1992 ஆகஸ்டில் அவர்களுடைய தேசிய நூலகம் குண்டுத் தீயில் எரிந்தது. அதையும் பழையபடி அழகாகக் கட்டி 2014-இல் திறந்தார்கள். அங்கே வாசலிலேயே, இன்ன திகதியில் இந்த இடத்தில் நூல்கள் எரிக்கப்பட்டன என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டடத்தையும் மீட்கலாம், நடந்ததையும் மறைக்காமல் இருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இப்போது நம்முடைய தெருவுக்குப் போவோம்.

1990 ஒக்டோபர் 30-ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் சில நூறு ரூபாயும் உடுத்த உடுப்புமாகத்தான் போக விட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000-க்கும் அதிகம். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வது நீதி. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995-இல் அதே ஒக்டோபர் 30-ஆம் திகதி, இராணுவம் நெருங்கி வந்தபோது, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். ஒரே திகதி, ஒரே நகரம், இரண்டு பயணம். இரு பக்கத்துத் தாய்மார்களும் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுத்தான் போனார்கள். யாழ்ப்பாணம் தன் மரபுரிமையை எழுதும்போது அந்தத் திகதியின் பக்கத்தில் இரண்டு கதைகளையும் எழுத வேண்டும் என்று நாம் கேட்பதில் யாருக்கும் வருத்தம் வர நியாயமில்லை.

2002-இலும், பிறகு 2009-க்குப் பின்னும் திரும்பிப் போனவர்கள் கண்டது என்ன? கூரை இல்லை, நிலை கதவு இல்லை, நடு அறையில் மரம் முளைத்திருந்தது. பள்ளிவாசல்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜா பாடசாலையும் மறுபடி இயங்குகின்றன. ஆனால் வீடுகள்? கணிசமானவை விற்கப்பட்டன. புத்தளத்தில் குமரைக் கரைசேர்க்கப் பணம் இல்லாதபோது யாழ்ப்பாணத்து வளவை வந்த விலைக்குக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. சில வளவுகளில் பாதிச் சுவர் இன்னும் நிற்கிறது.

இங்கேதான் சட்டத்தின் ஒரு நுணுக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பழைய கட்டடங்களைக் காப்பது 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டம் பிரதானமாகப் பார்ப்பது 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முற்பட்டவற்றை. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் போன நாள் அது. கண்டிக்கு அது பெரிய எல்லைக்கல்தான், யாழ்ப்பாணத்துக்கு அந்த நாளில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை! இங்கே கண்டி மன்னரும் ஆளவில்லை, ஆங்கிலேயர் வந்தே இருபது வருடம் ஆகிவிட்டது. ஆயினும் அந்தத் திகதிக்கோடுதான் யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் அளவுகோல். உங்கள் மூத்தவாப்பா 1890-இல் கட்டிய வீடு, எவ்வளவு அழகான மரவேலை இருந்தாலும், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழும். பிற்காலத்துக் கட்டடத்தையும் அமைச்சர் விசேடமாக அறிவித்துச் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் யாராவது ஆதாரத்தோடு போய்க் கேட்க வேண்டுமே. கேட்காத பிள்ளைக்குப் பால் கிடைக்குமா?

அப்படி அறிவித்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. சட்டம் "உடைக்காதே, மாற்றாதே" என்று சொல்லும். ஓடு மாற்றக் காசு யார் கொடுப்பது? கூரை ஒழுகுகிற வீட்டில் குடியிருப்பவளைப் பார்த்து "இது தேசத்தின் சொத்து" என்று சொன்னால் அவள் வயிறு எரியத்தான் செய்வாள். திருத்துவதற்கு உதவித் தொகையும், தெரிந்த மேசனும், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கலந்த பழைய சுவருக்குச் சீமெந்து பூசக்கூடாது என்று சொல்லித்தர ஓர் ஆளும் இல்லாத பாதுகாப்பு, தாளில் மட்டும் உள்ள பாதுகாப்பு. (சீமெந்து பூசினால் சுவருக்குள் ஈரம் அடைபட்டுக் கல் உதிரத் தொடங்கும். பழைய வீடு வைத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

"சரி மௌலவி, பாதுகாத்து, விளம்பரப்படுத்தி, வெள்ளைக்காரர் வந்து பார்த்தால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்பீர்கள். அதற்குக் காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. அந்தக் கோட்டைக்குள்ளே நம்மவர்கள் குடியிருக்கிறார்கள். கிறிஸ்தவக் கோவில் போலத் தோற்றமளிக்கும் மீரான் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. 1892-இல் தொடங்கிய பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் அங்கேதான். 2004 சுனாமி நகரத்தைப் புரட்டிப் போட்டபோது அந்தக் கோட்டைச் சுவர் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. ஆனால் கடலைத் தடுத்த சுவரால் விலையேற்றத்தைத் தடுக்க முடியவில்லை. பெயர் பரவப் பரவ வீட்டு விலை ஏறியது. தலைமுறையாக இருந்த வீடுகள் பல விடுதிகளாகவும் நகைக் கடைகளாகவும் சாப்பாட்டுக் கடைகளாகவும் மாறின. விற்றவர்களுக்குப் பணம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்ப ஆள் குறைந்துபோன தெருவை எந்த அர்த்தத்தில் 'பாதுகாக்கப்பட்டது' என்று சொல்வது?

மலேசியாவின் பினாங்கு ஜோர்ஜ் டவுனிலும் இப்படித்தான். தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முஹைதீன் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைச் சுற்றி நம் மொழி பேசுவோர் கடை வைத்துக் குடியிருந்த நகரம் அது. 2000-ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், வாடகை ஏறியது, ஏழைக் குடித்தனங்கள் வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தபோது கட்டடங்கள் நின்றன, குடியிருந்தவர்களில் பலர் அங்கே இல்லை.

யாழ்ப்பாணம் இந்த இரண்டையும் பார்த்துத் தன் திட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் சோனகத் தெருவின் நிலைமை காலியைப் போன்றதல்ல. காலியில் ஆட்களும் வீடுகளும் இருந்து, பிறகு ஆட்கள் குறைந்தார்கள். நம்மிடம் ஆட்கள் முதலே பெயர்க்கப்பட்டு, வீடும் விழுந்து, எஞ்சியது நினைவு மட்டுமே. அந்த நினைவு இருப்பது யாழ்ப்பாணத்தில் அல்ல, உங்கள் வீட்டு அலுமாரியில்.

மதரஸாவில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் உம்மம்மாவிடம் கேட்டு, அவர் குடியிருந்த ஒழுங்கையை வரைந்து வரச் சொன்னேன். ஐந்துசந்தியிலிருந்து தொடங்கி, எந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர், எந்த மூலையில் பாண் வண்டில் நிற்கும், எந்த மதிலில் பெண்கள் போய்வரச் சின்ன வாசல் இருந்தது என்று கிழவிகள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதி வந்தார்கள். ஒரு விஷயம் எனக்குப் பட்டது. ஆண்கள் சொன்ன படத்தில் பெரியகடையும் கஸ்தூரியார் வீதியும் பள்ளிவாசலும் இருந்தன. பெண்கள் சொன்ன படத்தில்தான் தெருவின் உள்பக்கம் இருந்தது. வளவுக்கு வளவு போகும் அந்தச் சின்ன வாசல்களை எந்த நில அளவைப் படத்திலும் நீங்கள் காண முடியாது.

அடுத்தது உங்கள் பெட்டியில் இருக்கும் கிதாபுகள். அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த காலம் ஒன்று இருந்தது. நம் பாட்டிமார் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அரபுத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. தொழுகைச் சட்டமும் பெண்களுக்கான மஸ்அலாக்களும் மாலைகளும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன. அந்தத் தாள்கள் இற்றுப்போனால் நாம் என்ன செய்கிறோம்? குர்ஆன் எழுத்து இருக்கிறதே என்று மரியாதையோடு புதைத்துவிடுகிறோம், அல்லது கிணற்றில் இடுகிறோம். மரியாதை சரிதான். ஆனால் புதைப்பதற்கு முன் அதைப் படம் பிடித்து வைப்பதில் மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் இப்படிப் புதைந்துபோன நூல்களைச் சேர்த்தால் ஒரு நூலகமே நிறையும். யாரும் தீ வைக்கவில்லை, நாமே பக்தியோடு அடக்கம் செய்தோம்.

உறுதிகளையும் சோலைவரி ரசீதுகளையும் இதே கண்ணால் பாருங்கள். அவை காணிக்கு மட்டும் ஆதாரமல்ல, அயலவரின் பெயர், ஒழுங்கையின் பழைய பெயர், கிணற்றில் யார் யாருக்குப் பங்கு என்பதெல்லாம் அவற்றின் எல்லை விபரத்தில் இருக்கும். பள்ளிவாசல்களுக்கு 1956-ஆம் ஆண்டு வக்பு சட்டத்தின் கீழ் பதிவு உண்டு. எந்த வளவை யார் வக்பு செய்தார் என்று நிர்வாக சபைகள் தங்கள் கோப்புகளில் பார்த்து எழுதலாம். தன் நகையை விற்றுப் பள்ளிவாசலுக்குக் கடை எழுதிக் கொடுத்த பெண்களின் பெயர் அப்போதுதான் வெளியே வரும்.

இன்னொரு பெயரையும் சொல்கிறேன். ஏ. எம். ஏ. அஸீஸ் 1911-இல் பிறந்தது வண்ணார்பண்ணையில். நம் தெருவுப் பள்ளியில் அலிப், பே படித்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிம் ஆனார். பிறகு கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். ஒரு முஸ்லிம் பிள்ளையை இந்துப் பாடசாலை வளர்த்தது, அந்தப் பிள்ளை முழு நாட்டு முஸ்லிம்களின் கல்வியை வளர்த்தது. இந்துக் கல்லூரி வாசலிலிருந்து சோனகத் தெரு வரை ஒரு மரபுரிமை நடை வைத்தால் அந்த ஒரு கதையே போதும், பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொள்வார்கள். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். நாலு பலகையும் மூன்று மொழியும் போதும்.

நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு நகரத்துக்குத் திட்டம் வகுக்கும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து அபிப்பிராயம் கேட்பது சட்டத்தில் உள்ள ஏற்பாடு. மாநகர சபையும் அப்படியே கேட்கலாம். அந்த அறிவித்தல் பத்திரிகையில் சின்ன எழுத்தில் வரும். அது வரும் நாளில் புத்தளத்தில் இருப்பவர் எழுதக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தவர் என்பதே போதுமான தகுதி. ஆனால் "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் கோப்பில் போய்ப் படுத்துவிடும். "இந்த ஒழுங்கையில் இந்த இலக்க வளவு, இந்த ஆண்டில் கட்டியது, இதோ உறுதிப் பிரதி, இதோ 1970-இல் எடுத்த கலியாணப் படத்தில் தெரியும் முகப்பு" என்று அனுப்பினால் அதைத் தள்ளுவது கஷ்டம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்துத்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது என்று ஹிப்ழுப் பிள்ளைகளுக்குத் தெரியும். எழுதி வைப்பதில் அவ்வளவு கவனம் சொல்லித்தந்த சமுதாயம், தன் தெருவைப் பற்றி இவ்வளவு குறைவாக எழுதி வைத்திருப்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

எழுதியதை எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். ஒரு பிரதி உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில், ஒரு பிரதி யாழ்ப்பாணம் பொது நூலகத்தில். அது எல்லோருக்கும் உரிய நூலகம், நம் தாள்களும் அங்கே இருக்க வேண்டும். மூன்றாவதாக, 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் கணினியில் ஏற்றி, யாரும் இலவசமாகப் பார்க்க வைக்கிறது. முஸ்லிம்களின் ஆவணங்களும் அங்கே சேர்கின்றன. மூலத்தைக் கையை விட்டுவிட வேண்டாம், படம் எடுத்துக் கொடுத்தால் போதும். அந்தரங்கமான காணித் தகராறு உள்ள உறுதிகளை ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள், உம்மாமார் கேட்டு எழுதுகிறபடியால் சொல்கிறேன். பழைய உறுதியை 'லமினேட்' பண்ண வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் செய்கிறார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே தாள் பழுத்துப்போகும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சள் கறைதான் மிஞ்சும். கிதாபுகளை வெயிலில் காயப் போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள், பெட்டியை நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். படங்களின் பின்பக்கத்தில் பேனையால் எழுதினால் மை ஊறி முகத்தில் தெரியும். மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார், எந்த வீட்டு முற்றம், எந்த ஆண்டு. ஆண்டு நினைவில்லாவிட்டால் "மூத்தவளுக்குப் பல் முளைத்த வருடம்" என்று எழுதினாலும் பரவாயில்லை, மற்றதைப் பேரப்பிள்ளைகள் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.